சிந்திச் சிதறித் தின்பவர்கள்

மேடான் நகரில் இறங்கியதும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு சீப்பு வாழைப்பழம். காட்டுக்குள் நடக்கும்போது பசித்தால் ஆகும் என்று எண்ணினேன்.

கடை இருந்த பகுதிக்கு இப்போது கம்போங் மெட்ராஸ் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் கம்போங் கெலிங் என்றே சொல்கிறார்கள். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், மலாய் இழுவை கலந்த தமிழில் “ஊர்லேருந்தா வர்றீங்க தம்பி?” என்றார். அவர் சொன்ன ஊர் எதுவென்று அவருக்கே தெரியாது. பூட்டனார் கப்பலேறிய ஊரின் பெயர் வீட்டில் எப்போதோ மறந்துபோயிற்றாம். புகையிலைத் தோட்டத்துக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது.

1863இல் யாக்கோபுஸ் நீன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் மேடானை ஒட்டிய இந்த டெலிக் கரையில் இறங்கிப் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேல்சுற்றுக்கு டெலி இலைதான் என்று ஐரோப்பாவில் பெயராகிவிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் சமவெளிக் காடு கரைந்தது. சீனர்களும் ஜாவாக்காரர்களும் வயலில் நின்றார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் சாலை போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், வண்டி ஓட்டினார்கள். அந்தக் காட்டில் குடியிருந்தவர்களில் மிச்சமிருப்பவர்களைப் பார்க்கத்தான் நான் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

“மாவாஸ் பாக்கவா?” என்றார் கடைக்காரர். வட சுமத்திராவில் ஒராங்குட்டானுக்கு மாவாஸ் என்று பெயர். ஆமென்றதும் இன்னும் இரண்டு பழத்தைப் பிய்த்துப் பையில் போட்டார். “இது அதுக்கு. குடுத்தாப் புண்ணியம்.” கோயில் குரங்குக்குப் பழம் நீட்டுகிற அதே கை. அந்த இரண்டுக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மேடானிலிருந்து புக்கிட் லாவாங் சுமார் 90 கிலோமீட்டர். போய்ச்சேர நாலு மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் எண்ணெய்ப் பனை. இந்த மரம் இந்த மண்ணுக்குரியதே அல்ல. ஆப்பிரிக்க மரமான இதன் நான்கு கன்றுகளை 1848இல் ஜாவாவில் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்டார்கள். சுமத்திராவில் தோட்டப்பயிராக அது இறங்கியது 1911இல். இன்று உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கும் நாடு இந்தோனேசியா, அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. எங்கள் வீட்டு அடுப்படியில் ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட் இல்லாத மாதம் கிடையாது. ஆகவே வண்டிக்குள் உட்கார்ந்து யாரையும் திட்டுகிற யோக்கியதை எனக்கில்லை.

ஓரிடத்தில் இறங்கித் தோப்புக்குள் கொஞ்சம் நடந்தேன். ஒரே இடைவெளி, ஒரே உயரம். பெருக்கி வைத்ததுபோலத் தரை. கடித்துப் போட்ட காய் ஒன்றுகூட இல்லை. சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்றுகூடத் தோன்றியது. அந்தச் சுத்தத்துக்கு என்ன பொருள் என்பது நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது.

புக்கிட் லாவாங் போஹோரோக் ஆற்றங்கரையில் நீளவாக்கில் கிடக்கும் சுற்றுலா ஊர். ஆற்றுக்கு அக்கரை குனுங் லெயுசர் தேசியப் பூங்கா. 1973இல் ரெகினா ஃப்ரை, மோனிகா பெர்னர் என்ற இரண்டு சுவிஸ் பெண்கள் இங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கினார்கள். கூண்டிலும் சங்கிலியிலும் வளர்ந்த ஒராங்குட்டான்களை மீட்டுக் காட்டுக்குப் பழக்குவது அவர்கள் வேலை. மேடை கட்டி, நாள்தோறும் பாலும் வாழைப்பழமும் வைத்தார்கள். வேண்டுமென்றேதான் ஒரே தீனி. தின்று தின்று சலித்துப்போய்க் காட்டில் வேறு தேடட்டும் என்று கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் மேடையைப் பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டத்துக்காக விடுதிகள் வந்தன. 2003 நவம்பரில் ஓர் இரவு வெள்ளம் மரக்கட்டைகளோடு இறங்கி ஊரை அடித்துப்போனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விடுதிகள் மறுபடி முளைத்தன. மேடைத் தீனி பின்னர் நிறுத்தப்பட்டது. தீனிக்குப் பழகிய விலங்குகள் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

காட்டுக்குள் போன முதல் மணி நேரத்திலேயே ஒன்றைப் பார்த்துவிட்டோம். இத்தனை சுலபமாகவா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தாயும் பிள்ளையும். செம்பட்டை மயிர், வெயில் விழுந்த இடத்தில் தாமிரமாக மின்னியது. பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எதிரில் எதையும் தின்னக் கூடாது, சளி இருமல் இருப்பவர்கள் காட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்றெல்லாம் எங்கள் வழிகாட்டி காலையிலேயே சொல்லியிருந்தார். நமக்கு ஒரு வாரச் சளி, அதற்கு உயிர்போகிற நோய்.

பத்து மீட்டர் விதி அதற்குத் தெரியவில்லை. அது நேராக ஒற்றையடிப் பாதையில் இறங்கி, எங்களில் யாரையும் பார்க்காமல், என் பையைப் பார்த்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. “பையைக் கழற்றி வெச்சுட்டுப் பின்னாடி வாங்க” என்றார் வழிகாட்டி. பின்னால் வந்த இன்னொரு கூட்டத்தின் ஆள், இதெல்லாம் சகஜம் என்பதுபோல, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தார், தன் விருந்தாளிகள் படம் எடுக்க வசதியாக. அது ஒரு கையால் அதை வாங்கி, மறுகையால் என் பையின் ஜிப்பைத் திறந்தது. கிழிக்கவில்லை, திறந்தது. சீப்பு முழுவதும் போயிற்று. கடைக்காரரின் புண்ணியக் கணக்கும் அதோடு தீர்ந்தது.

எனக்கு உறுத்தியது பழம் போனதல்ல. பிள்ளை தாயின் வாயருகே முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. ஒராங்குட்டான் குட்டிகள் கற்பது இப்படித்தான். அம்மா எதைப் பறிக்கிறாள், எப்படி உரிக்கிறாள், எதைத் துப்புகிறாள் என்று மூச்சுப் படும் தூரத்தில் வைத்துப் பார்க்கும். வளர்ந்த ஒரு ஒராங்குட்டானுக்குத் தின்னத் தெரிந்த பண்டங்கள் இருநூறுக்கும் மேல். பழம், இலை, மரப்பட்டை, பூ, தேன், கறையான் எல்லாம் அதில் உண்டு. எது எந்த மாதம், எந்த மேட்டில் என்பதும் சேர்ந்ததுதான் அந்தப் படிப்பு. ஏழெட்டு வருஷம் தாயை விட்டு அகலாமல் படிக்க வேண்டும். இந்தப் பிள்ளை அன்றைக்குப் படித்த பாடம் ஜிப்.

அங்கே மூன்று நாள் தங்குவதாக இருந்தேன். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

அடுத்து கெத்தாம்பே. அங்கே போக மேடானுக்குத் திரும்பி, பெராஸ்தாகி வழியாக மலையேறி, அச்சே மாகாணத்துக்குள் கூத்தாசானே தாண்ட வேண்டும். பத்துப் பேர் உட்காரும் வேனில் பதினாறு பேர், இரண்டு சேவல். அந்தப் பயணத்தைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

கெத்தாம்பேயில் அலாஸ் ஆறு இரைந்து ஓடுகிறது. அக்கரையில் 1971இல் ஹெர்மன் ரைக்சன் என்ற டச்சு ஆய்வாளர் தொடங்கிய ஆய்வு நிலையம். காட்டு ஒராங்குட்டானை உட்கார்ந்து பார்த்து எழுதிய பழைய இடங்களில் அது ஒன்று. அங்கே நம்மை விடமாட்டார்கள், விடவும் கூடாது. இக்கரைக் காட்டுக்கு ஊர்க்காரர்கள் கூட்டிப்போகிறார்கள். எனக்கு வாய்த்தவர் இளமையில் ஆய்வாளர்களோடு நோட்டும் பென்சிலுமாகச் சுற்றியவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரைப் பாங் என்றேன். அண்ணன் என்று பொருள். அவர் என்னைப் பாக் என்றார், ஐயா என்பதுபோல. என் அரைகுறை மலாயும் அவருடைய அரைகுறை ஆங்கிலமும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

முதல் நாள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒன்றும் தென்படவில்லை. அட்டைகள் மட்டும் என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டன. மாலையில் பாங் சிரித்தார். “பாக், மேலே பாக்காதீங்க. கீழே பாருங்க. மாவாஸ் மேலே இருக்கும், ஆனா அது எழுதி வெச்சிருக்கிறது பூரா கீழேதான்.”

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். சியாமாங் பாட்டு ஆரம்பித்திருந்தது. நாம் குரங்கு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். வாலில்லாக் குரங்குகள் தனிக் கிளை. இந்தக் காட்டில் அவை மூன்று வகை: ஒராங்குட்டான், வெள்ளைக்கைக் கிப்பன், கரிய சியாமாங். சியாமாங் ஆணும் பெண்ணும் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு மாறிமாறிக் கூவினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு நாதஸ்வரக் கோஷ்டிகள் போட்டிக்கு வாசிப்பதுபோல என்று குறிப்பேட்டில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நாதஸ்வரத்துக்கு மூச்சு வாங்கும். இவற்றுக்கு வாங்கவில்லை.

கீழே பார்த்து நடந்தேன். அரை மணியில் பாங் சொன்னது புரிந்தது. முதலில் ஒரு முறிந்த கிளை, இலை வாடாமல். பிறகு தரையில் ஈரமான சக்கைகள், வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல அமுக்கப்பட்டவை, ஒவ்வொன்றிலும் பல் தடம். ஒராங்குட்டான் அத்திப்பழத்தை வாய்நிறைய அடைத்து, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துப் பிழிந்து சாற்றை இறக்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். அந்தச் சக்கைகளைச் சுற்றி ஒரு கடி கடித்து எறிந்தவை, கடிக்காமலே கைதவறியவை, காயும் பழமுமாக நூற்றுக்கணக்கில். என் தோளில் ஒன்று விழுந்தது. அப்போதுதான் அண்ணாந்தேன்.

மரம் அத்தி. நாம் சாப்பிடுகிற அத்தி அல்ல, ஆலும் இச்சியும் சேர்ந்த பெருங்குடும்பத்தில் ஒன்று. இன்னொரு மரத்தைக் கட்டிப்பிடித்து வளர்ந்தது. உள்ளே இருந்த மரம் எப்போதோ செத்து மக்கிப்போய், வேர்ப்பின்னல் மட்டும் கோபுரம்போல நின்றது, நடுவே பொந்து. இது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு பனையை ஆலமரம் கட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் பனைக்குத்தான் ஆல் பிறந்தது என்று நம்பினேன். பனையின் மட்டையிடுக்கில் எந்த மைனாவோ வௌவாலோ எச்சமிட்டிருக்கும். இங்கே அந்த வேலைக்கு ஆட்கள் பெரியவர்கள்.

அத்தி பூத்தாற்போல என்று அரிதானதைச் சொல்கிறோம். உண்மையில் அத்தி ஓயாமல் பூக்கிறது. பூவெல்லாம் காய்க்குள்ளே திரும்பி இருக்கின்றன, அவ்வளவுதான். கடுகளவு குளவி ஒன்று காயின் வாய்த்துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று நாம் முகம் சுளிப்பது அந்தக் குளவிக் குடும்பத்தைப் பார்த்துத்தான். குளவி சில நாளே உயிர்வாழும். ஆகவே காட்டில் எந்த மாதமும் எங்காவது ஓர் அத்தி காய்த்தபடி இருந்தால்தான் குளவி வம்சம் பிழைக்கும். அதனால்தான் மற்ற மரங்கள் எல்லாம் கைவிரித்த மாதத்திலும் இந்தக் காட்டில் எங்கோ ஓர் அத்தி பழுத்து நிற்கிறது.

மேலே அவள் இருந்தாள். பெண், நாற்பது கிலோ இருக்கலாம். வயிற்றில் ஒரு பிள்ளை ஒட்டியிருந்தது. எங்களை ஒரு தடவை பார்த்தாள். ஒரு சின்னக் கிளையை ஒடித்து எங்கள் பக்கம் போட்டாள். உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல ஒலி எழுப்பினாள், அது அன்பு இல்லை என்று பாங் எச்சரித்தார். பிறகு நாங்கள் அவளுக்கு மரத்தின் ஒரு பகுதியாகிவிட்டோம். புக்கிட் லாவாங்கில் கிடைக்காத மரியாதை அது. அங்கே நான் ஒரு பை. இங்கே ஒன்றுமே இல்லை.

ஐந்து மணி நேரம் தின்றாள். அவசரமில்லாமல், இடம் மாற்றி மாற்றி. ஒரு கையில் தொங்கிக்கொண்டு கிளையை வளைப்பாள், மூன்று தின்பாள், ஐந்தைச் சிந்துவாள். சியாமாங் குடும்பம் ஒன்று முன்பே வந்திருந்தது. அவள் நகர நகர அவை மறுகோடிக்கு ஒதுங்கின, சண்டை இல்லை. இருவாச்சி இரண்டு சிறகு இரைய வந்து இறங்கின. நடுப்பகலில் அவள் சோம்பல் முறித்து, பிள்ளையை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு கிளைக்கவட்டில் மல்லாந்தாள். கீழே, அவள் சிந்தியதைத் தின்ன எறும்பும் அணிலும் வந்து சேர்ந்துகொண்டன. ஒரு மரத்தில் இத்தனை பந்தி நடக்கிறது, பரிமாறுவதற்கென்று ஒருவரும் இல்லை.

நாங்கள் பொட்டலத்தைப் பிரித்தோம். வாழையிலையில் சோறு, நெத்திலி, மிளகாய்ச் சம்பல். அவளுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பதில் பாங் கண்டிப்பாக இருந்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், இவர்களைக் காட்டின் தோட்டக்காரர்கள் என்று எழுதுகிறார்களே என்று. அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. “தோட்டக்காரன் வெதையைத் திங்கமாட்டான்” என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒராங்குட்டானின் கையில் அகப்பட்ட விதைக்கு மூன்று கதி. துப்பினால் தாய்மரத்தின் காலடியிலேயே விழும், பெரும்பாலும் அங்கே பிழைப்பதில்லை. விழுங்கினால் வயிற்றுக்குள் நாள்கணக்கில் பயணம் செய்து வேறெங்கோ இறங்கும், சதை கழன்று, உரத்தோடு. மென்றால் அதோடு சரி. காய் பழுக்குமுன்பே அவை விதைக்காகவே தின்னும் மரங்கள் உண்டு. மலைக்கு அப்பால் மேற்குக் கரையோரச் சதுப்பில் சுவாக் பாலிம்பிங் என்ற இடத்தில் நீசியா என்று ஒரு மரம், டுரியானுக்கு உறவு. காய் ஐந்து வெடிப்பாகப் பிளக்கும். உள்ளே கொழுப்பு நிறைந்த விதைகள், அவற்றைச் சுற்றிச் சுணை. பூனைக்காலிக் காயைத் தொட்டவர்களுக்குச் சுணை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அங்கத்திய ஒராங்குட்டான்கள் ஒரு குச்சியை ஒடித்து, பட்டை உரித்து, வாயில் கவ்வி வெடிப்புக்குள் ஓட்டிச் சுணையை வழித்தெடுத்துவிட்டு விதையை நெம்புகின்றன. கரெல் ஃபான் ஷைக் குழுவினர் 1990களில் இதைப் பதிவு செய்தார்கள். அங்கே ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் அதே மரம், அதே காய், அதே விலங்கு, ஆனால் குச்சி இல்லை. ஆறு குறுக்கே ஓடுவதால் இந்த வித்தை கரை தாண்டவில்லை. நீசியாவின் கண்ணில் பார்த்தால் இவர்கள் தோட்டக்காரர்கள் அல்ல, பூட்டை உடைக்கிற திருடர்கள்.

இதே சுவாக்கில்தான் 2022 ஜூனில் ராக்குஸ் என்ற ஆண் முகத்தில் காயத்தோடு திரிந்தபோது ஒரு கொடியின் இலையை மென்று சாற்றைக் காயத்தில் தடவி, மென்ற இலையை அப்பியது. 2024இல் அது உலகச் செய்தியானது. அந்தக் கொடிக்கு இங்கே ஆக்கார் கூனிங் என்று பெயர், மஞ்சள் வேர் என்று பொருள். நம் சீந்திலும் மரமஞ்சளும் சேர்ந்த குடும்பம். பாங்கிடம் சொன்னேன். “எங்க பாட்டிகூட அதைத்தான் காய்ச்சிக் குடுப்பா. யார்கிட்டேருந்து யார் படிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்” என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார். கெத்தாம்பேயில் சில பெண் ஒராங்குட்டான்கள் தேவாங்கைப் பிடித்துத் தின்றதுண்டு, எப்போதாவது, பழம் குறைந்தபோது. சாதுவான பழந்தின்னி என்ற என் படத்தில் அது ஒரு கீறல். ஆய்வாளர்களின் பதிவிலும் அது இருக்கிறது.

பழம் குறைவது என்றால் என்ன என்பதைப் போர்னியோவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே காட்டு மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளும், பிறகு நீண்ட பழப் பஞ்சம். குனுங் பாலுங் காட்டில் ஷெரில் நாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒராங்குட்டானின் சிறுநீரை இலையிலிருந்து சேகரித்துச் சோதித்தார். பழமில்லாத மாதங்களில் அதில் கீட்டோன் இருந்தது. உடம்பு தன் கொழுப்பையே தின்னத் தொடங்கியதன் அடையாளம் அது. பட்டையை உரித்து உள்தோலைச் சுரண்டித் தின்று அந்த மாதங்களைக் கடத்துகின்றன. பல்லில் படியும் பேரியத்தை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, எட்டு வயது தாண்டியும் பால் குடித்த பிள்ளைகளைக் காட்டியது. கொஞ்ச நாள் குறைந்து, பஞ்சத்தில் மறுபடி கூடுகிறது பால். சுமத்திரா எரிமலை மண், பசி அவ்வளவு கடுமையாக இல்லை. ஆனால் பசி இல்லாமலும் இல்லை. அந்தப் பசிதான் அவளை இந்த மரத்திலிருந்து அந்த மேட்டுக்கு நடத்துகிறது. அவள் நடந்தால்தான் விதையும் நடக்கும். மேடையில் பழம் வைத்தபோது நின்றுபோனது இந்த நடைதான் என்று எனக்குத் தோன்றியது. சோறு போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். மேடான் கடைக்காரரைவிட நல்ல மனிதரை இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை.

அன்று இரவு தங்கிய வீட்டு அம்மாவுக்கு வேறு கணக்கு. அவரை ஈபு என்று அழைத்தேன். காட்டோரம் அவர்களுக்கு நாலு டுரியான் மரம். பழுக்கிற காலத்தில் மாவாஸ் வந்துவிடும். முள்ளோட்டை அது எப்படிப் பிளக்கிறது என்று 1850களில் சரவாக்கில் சுற்றிய இயற்கை ஆய்வாளர் வாலஸே வியந்து எழுதியிருக்கிறார், வியப்போடு பலவற்றைச் சுட்டும் தள்ளினார். ஈபுவுக்கு வியப்பில்லை. ஒரு மரத்துக் காய் போனால் மகனின் பள்ளிக்கூடச் செலவில் துண்டு விழும். கார்பைடு வேட்டுப் போட்டு விரட்டுகிறார்கள். “இந்த மரத்தை யார் நட்டது?” என்று கேட்டேன். மாமனார் காலத்திலேயே நின்றதாம், யாரும் நடவில்லையாம். நான் வாயைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டார்: “மாவாஸ் நட்டதுன்னு சொல்லப்போறீங்க. இருக்கட்டும். அதுக்காக வருஷாவருஷம் வாடகை வசூல் பண்ண வரணுமா?” எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டார்.

மூன்றாம் நாள் அவளைப் பின்தொடர்ந்தோம். அத்தியை விட்டு மேட்டுக்கு ஏறினாள். கனமான உடம்பு, மரத்திலிருந்து மரத்துக்குத் தாவுவதில்லை. நிற்கும் மரத்தை ஆட்டி ஆட்டி வளைத்து அடுத்ததை எட்டிப் பிடிப்பாள். கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் வானம் தெரிந்தது, தரையில் ஒரு துண்டு வெயில் விழுந்தது. அந்தத் துண்டுக்குள் விரலளவு கன்றுகள் பல வருஷமாக இருட்டில் காத்து நின்றிருக்கும். நடுவில் ஒருமுறை மிகத் தொலைவிலிருந்து ஆணின் நீள்கூவல் வந்தது. முனகலாக ஆரம்பித்துக் கர்ஜனையாகி மறுபடி முனகலாக அடங்கியது. அவள் தின்பதை நிறுத்திக் கேட்டாள். மறுநாள் எந்தத் திசையில் போகப்போகிறான் என்பதைப் பெரிய ஆண்கள் முதல்நாளே அந்தத் திசை பார்த்துக் கூவிச் சொல்லிவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவள் எதிர்த்திசையில் திரும்பினாள்.

ஆறு மணிக்குக் கூடு கட்டினாள். தினமும் புதுக்கூடு. கிளைகளை வளைத்து, முறித்து, காலால் மிதித்துப் படுக்கையாக்கி, இலைக்கொத்துகளைத் தலைக்கு வைத்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியாக ஒரு கை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போயிற்று.

விடியுமுன் அந்த மரத்தடிக்கே வந்தோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பாங் சட்டென்று கையைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் மழைபோலச் சிறுநீர் விழுந்தது, அதைத் தொடர்ந்து கனமாக இன்னொன்று. கூட்டின் விளிம்புக்கு வந்து அவள் செய்யும் முதல் காரியம் அதுதானாம். “பாக், இதுக்கு மட்டும் மேலே பாக்கணும்” என்றார்.

அவள் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் பையிலிருந்து ஒரு பழைய டீ வடிகட்டியை எடுத்தார். அதில் இனி டீ போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டி, கொஞ்சம் அள்ளி, ஓடைநீரில் அலசினார். நார் போயிற்று, பச்சை போயிற்று. வடிகட்டியில் கேழ்வரகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் ஒட்டிக்கிடந்தன, எண்ண முடியாதவை. அத்தி விதைகள். ஒன்றும் உடையவில்லை. அவற்றின் நடுவே புளியங்கொட்டை அளவில் வழவழவென்று மூன்று கொட்டைகள். என்ன மரம் என்று கேட்டேன். அவர் ஒன்றைத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பெயர் சொன்னார், பிறகு இல்லை என்று தலையாட்டினார். இந்த மேட்டில் அந்த மரம் கிடையாது, ஆற்றோரத்தில்தான் உண்டு என்றார். அவள் ஆற்றோரம் எப்போது போனாள் என்று யோசித்து விரல்விட்டு எண்ணினார். நாங்கள் அவளைப் பார்ப்பதற்கு முந்தைய நாளாக இருக்க வேண்டும்.

வடிகட்டியில் இருந்ததை அவர் எடுத்த இடத்திலேயே திரும்பக் கொட்டினார். நான் குத்தவைத்தபடியே இருந்தேன். அதற்குள் கருநீலத்தில் இரண்டு சாணவண்டுகள் வந்து இறங்கியிருந்தன. ஒன்று தலையால் முட்டி ஒரு உருண்டை திரட்டப் பார்த்தது. மற்றது உருட்டவில்லை. இருந்த இடத்திலேயே நேராகக் கீழே தோண்ட ஆரம்பித்தது.